பெருங்குடல் புற்றுநோய்க்கு கீஹோல் ஆபரேஷன் நல்லதா, வயிற்றைத் திறந்து செய்வது நல்லதா?

அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி, டாக்டர் கீஹோல் (சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்வது) செய்யலாம் என்கிறார், சொந்தக்காரர்களோ வயிற்றைத் திறந்தால்தான் வேரோடு எடுக்க முடியும் என்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற குடும்பம் எங்களுடையது. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டுமே நடந்திருக்கிறது. முதலில் சித்தப்பாவுக்கு ஓப்பன், மூன்று வருடம் கழித்து அப்பாவுக்குக் கீஹோல்.

வேரோடு எடுப்பது என்ற பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு முறையிலும் உள்ளே வெட்டி எடுப்பது ஒன்றுதான்: கட்டி உள்ள குடல் பகுதி, அதற்கு வரும் ரத்தக்குழாய், அதை ஒட்டிய நெறிகட்டிகள் (புற்றுநோய் முதலில் பரவக்கூடிய சின்ன நிணநீர் முடிச்சுகள்). வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது குறைந்தது 12 நெறிகட்டியாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அப்பாவின் ரிப்போர்ட்டில் 17 இருந்தது, சித்தப்பாவுடையதில் 14. இதில் யாருக்கு வேர் விட்டுப்போனது என்று நீங்களே சொல்லுங்கள்.

காற்று பட்டால் கேன்சர் பரவும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். ஆனால் 1990களில் டாக்டர்களுக்கே இந்த மாதிரி ஒரு பயம் இருந்ததாம், கருவி நுழைகிற துளைகளில் புற்றுநோய் செல்கள் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளர்ந்துவிடுமோ என்று. அதனால்தான் அமெரிக்காவில் 872 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்து பார்த்து, 2004இல் முடிவை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பியது கீஹோலில் 16 சதவீதம், ஓப்பனில் 18. வெட்டிய இடத்தில் திரும்ப வந்தது இரண்டிலுமே ஒரு சதவீதத்துக்கும் கீழே. நோயைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசமெல்லாம் முதல் மாதத்தில்தான். சித்தப்பாவுக்குத் தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை நேர்க்கோடாகத் தையல். மார்கழிக் குளிரில் வீட்டுக்கு வந்தார், இருமல் வேறு. ஒவ்வொரு முறை இருமல் வரும்போதும் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, பிறகுதான் இருமுவார். மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் ஏறி வந்த அன்று ஒவ்வொரு வளைவிலும் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தது இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவுக்கு விரல் நுழைகிற அளவில் நாலு துளை, குடலை வெளியே எடுக்கத் தொப்புள் பக்கம் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். இரண்டாம் நாளே நடந்தார், அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ். ஆனால் வலியே இல்லை என்று நினைக்காதீர்கள். வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுகிறார்கள், அது உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துவதால் தோள்பட்டையில் வலிக்கும். "வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு, கொழுந்து மூட்டை தூக்கின மாதிரி தோள் ஏன்டா வலிக்குது?" என்று அப்பா இரண்டு நாள் புலம்பினார்.

சரி, இந்த ஒப்பீடு நியாயமானது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சித்தப்பா ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து ஏழெட்டு மாதம் கைமருந்து சாப்பிட்டவர். கடைசியில் இடப்பக்கக் குடல் அடைத்து, வயிறு பானை மாதிரி வீங்கி, ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்புத்தூருக்கு இறக்கிக்கொண்டு போனோம். அந்த நிலையில் கீஹோலுக்கு உள்ளே இடம் ஏது? வயிற்றைத் திறந்து, மலம் வெளியேறத் தற்காலிகமாக வயிற்றில் பை வைத்து, அஞ்சு மாதம் கழித்துப் பையை எடுக்க இன்னொரு ஆபரேஷன். அப்பாவுக்கு வந்தது வலப்பக்கம். ரத்தசோகை, தோட்டத்து மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான் அறிகுறி. சித்தப்பாவைப் பார்த்த பயத்தில் உடனே காட்டினோம், தேதி குறித்து நிதானமாகச் செய்தார்கள். குடல் அடைத்திருந்தாலோ ஓட்டை விழுந்திருந்தாலோ, கட்டி பக்கத்து உறுப்பில் ஒட்டியிருந்தாலோ, முன்பே பல ஆபரேஷன் நடந்த வயிறாக இருந்தாலோ ஓப்பன்தான் என்று டாக்டர் சொன்னால் அவரோடு சண்டை போடாதீர்கள்.

உங்கள் அம்மாவின் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்பதைத்தான். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். பித்தப்பையைக் கீஹோலில் எடுப்பதும் குடலை எடுப்பதும் ஒன்றல்ல. சின்னக் கட்டி என்றால், கேமராவில் பார்க்கும்போது கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் கொலனாஸ்கோப்பியிலேயே (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) மை குத்தி அடையாளம் வைப்பீர்களா என்றும் கேளுங்கள். அப்புறம், கீஹோலில் ஆரம்பித்து நடுவில் திறக்க வேண்டி வரலாம் என்று கையெழுத்து வாங்குவார்கள். மேலே சொன்ன ஆய்விலேயே அஞ்சில் ஒருவருக்கு அப்படி ஆனது. உள்ளே நிலைமையைப் பார்த்து முடிவை மாற்றிக்கொள்கிற டாக்டரைத்தான் நான் நம்புவேன், பிடிவாதமாகத் துளை வழியாகவே முடிக்கப் பார்ப்பவரை அல்ல.

செலவு என்று பார்த்தால் கீஹோல் கொஞ்சம் கூடத்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் எது சேரும் என்று அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள், டிஸ்சார்ஜ் அன்று போய்க் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

எந்த முறை என்றாலும் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. அப்பா நாலாவது வாரமே மூட்டையில் கை வைத்து அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். சித்தப்பா பாவம், ஒழுங்காகத்தான் இருந்தார், ஆனாலும் ஒன்றரை வருடத்தில் பழைய தையல் பக்கம் குடலிறக்கம் புடைத்துக்கொண்டு வந்தது, ஓப்பனில் நீள வெட்டு என்பதால் அந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். அதற்கு வலை வைத்துச் சரிசெய்தார்கள். அந்த ஆபரேஷன் மட்டும் கீஹோல்.