மான்டிஸ் இறால் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்பிரேயர் வேண்டாம்

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளியும் மாவும் வைத்திருக்கிறோம். பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்த்த பழக்கம் உண்டு. மகன் மான்டிஸ் இறால் வளர்க்க ஆசைப்படுகிறான். போர் தண்ணீரில் கல்லுப்பு கரைத்து விட்டால் போதுமா? பெருக்கி விற்க முடியுமா?

பதில்: விற்கும் கணக்கை இப்போதே விட்டுவிடுங்கள். மான்டிஸ் இறால், இரையை அடித்துப் பிடித்துத் தின்னும் கடல் பிராணி. இதன் குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து வளர்பவை. வீட்டுத் தொட்டியில் தேறாது. இரண்டை ஒன்றாக விட்டால் அடித்துக்கொள்ளும், மீனை விட்டால் அதுவும் இரைதான். ஆசைக்கு ஒரு தொட்டி, அதில் ஒரே ஓர் இறால். அவ்வளவுதான்.

கல்லுப்பு ஆகாது. அதில் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் மிஞ்சியிருக்கும். ஓடு கட்டத் தேவையான கால்சியம், மெக்னீசியம் போதாது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கடலுப்புக் கலவையை வாங்குங்கள். உங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் புளோரைடும் கூடுதல் என்பதால் ஆர்.ஓ. தண்ணீரே சரி, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 20க்குள் இருக்கட்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் மணலும் கல்லும் போக 45 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 1.6 கிலோ உப்பைத் தனி பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, ஒரு நாள் காற்றுக்குழாய் ஓடவிட்டு, ஹைட்ரோமீட்டரில் (உப்புநீரின் அடர்த்தி பார்க்கும் கருவி) 1.025 காட்டுகிறதா என்று பார்த்துத் தொட்டியில் விடுங்கள்.

அடியில் 2 அங்குலம் பவளமணல். கல்லுக்குச் செயற்கைப் பாறை அல்லது நுண்துளையுள்ள பீங்கான் கல். யாராவது உயிர்ப் பவளம் ஒட்டிய பாறை தந்தால் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கிருஷ்ணகிரி கிரானைட் துண்டு கெடுதல் செய்யாது, ஆனால் துளை இல்லாததால் நல்ல பாக்டீரியா குடியேற இடமும் தராது. வளைக்கு, இறாலின் உடம்பைவிடச் சற்றே அகலமான பி.வி.சி. குழாயை மணலில் பாதி புதைத்து வையுங்கள்.

இறாலை உடனே விடக்கூடாது. ஃபில்டரை ஓடவிட்டு, சமைக்காத இறால் துண்டு ஒன்றை அழுகப் போடுங்கள். அழுகலில் வரும் நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு நல்ல பாக்டீரியா பெருகி இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அவசரப்பட்டு விட்டால்தான் முதல் இறால் சாகிறது.

வாங்கும்போது 5 முதல் 8 செ.மீ. வளரும் கோனோடாக்டைலஸ் வகை கேளுங்கள். மயில் மான்டிஸ் 18 செ.மீ. வரை வரும், இந்தத் தொட்டி பத்தாது, அதன் அடிக்குக் கண்ணாடியும் விரிசல் விடலாம்.

இனி உங்கள் வீட்டுக்கென்றே ஒரு எச்சரிக்கை. பூச்சியும் இறாலும் ஒரே கணுக்காலி வம்சம். மாவில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட், லாம்ப்டா சைஹாலோத்ரின் மீனை விட்டுவைக்கும் அளவிலேயே இறாலைக் கொன்றுவிடும். தக்காளிக்கு அடிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடும் அப்படித்தான். மருந்து அடித்த கையைச் சோப்பு போட்டுக் கழுவினாலும் அன்றைக்குத் தொட்டிக்குள் விடாதீர்கள், மகனே பார்த்துக்கொள்ளட்டும். காற்று மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுவது என்பதால், ஸ்பிரேயரும் கொசு விரட்டியும் அந்த அறையில் இருக்கவே கூடாது. செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் மொள்ளாதீர்கள். வயல் நண்டு, வயல் நத்தை தீனிக்கு வேண்டாம். வாரம் இரண்டு மூன்று முறை, சந்தையில் வாங்கிய கடல் நண்டுக் கால் அல்லது சிப்பியை ஓட்டோடு போடுங்கள், உடைத்துத் தின்னும்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரி. கோடையில் தண்ணீர் மேல் படும்படி சிறு விசிறி வைத்தால் 2, 3 டிகிரி குறையும், ஆனால் ஆவியாவதும் கூடும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு டேப் ஒட்டி, தினம் காலையில் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நிற்கும். மார்கழி, தை இரவுகளுக்கு 50 வாட் ஹீட்டர். மின்வெட்டுக்கு பேட்டரி காற்று மோட்டார்.

வளை வாயை மணலால் அடைத்துக்கொண்டு சில நாள் தின்னாமல் கிடந்தால் செத்ததென்று தோண்டாதீர்கள், ஓடு கழற்றுகிறது. புது ஓடு இறுகும்வரை தொந்தரவு ஆகாது.

வாரம் 5 லிட்டர் எடுத்துவிட்டு, அதே அளவு புது உப்புநீர் மாற்றுங்கள். எடுத்த தண்ணீரில் 175 கிராம் உப்பு இருக்கும். அதைத் தக்காளிப் பாத்தியில் ஊற்றிவிடாமல் சாக்கடையில் விடுங்கள்.