யாராவது கேட்டால்தான் வேலை நடக்கிறதா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன், வயது 31, ஒயிட்ஃபீல்டில் டெஸ்டிங் வேலை. தபால்வழியில் எம்.பி.ஏ. சேர்ந்து எல்லாப் பேப்பரும் பாஸ், புராஜெக்ட் ரிப்போர்ட் மட்டும் ஒன்றரை வருஷமாகக் கிடக்கிறது. ஆபீஸில் ஒரு டெட்லைன் கூடத் தவறியதில்லை. டூ-டு லிஸ்ட் ஆப், மரம் வளர்க்கும் ஆப் என்று நாலைந்து போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி "முடிச்சிட்டியாப்பா?" என்று கேட்பதால் போனை எடுக்கவே தயக்கம். எந்த ஆப்பாவது உண்மையில் உதவுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: உதவும் தம்பி, ஆனால் நீங்கள் போட்டுப் பார்த்த ரகம் உங்களுக்கு ஆகாது. ஆபீஸில் ஏன் தவறுவதில்லை என்று யோசியுங்கள். காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நேற்று என்ன முடித்தாய், எங்கே சிக்கியது என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார்கள், நீங்களும் சிக்கலைச் சொல்கிறீர்கள், யாராவது ஒரு வழி சொல்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பற்றி அப்படிக் கேட்க ஆளில்லை. அம்மா கேட்கிறார்தான், ஆனால் அவரிடம் "மூணாவது அத்தியாயத்தில் அட்டவணை ஒட்டவில்லை" என்றா சொல்ல முடியும்? முடிச்சேன், முடிக்கல என்று இரண்டே பதில், அதில் ஒன்றையே ஒன்றரை வருஷமாகச் சொன்னால் போனை எடுக்கக் கூசத்தான் செய்யும்.

ஃபாரஸ்ட் மாதிரி மரம் வளர்க்கும் ஆப்பில், வேலை நேரத்தில் போனை நோண்டினால் திரையில் வளரும் மரம் பட்டுப்போகும். போன்தான் பிரச்சினை என்பவர்களுக்கு அது நல்லது. உங்களுக்கு எதிர்முனையில் ஒரு ஆள் வேண்டும். ஃபோகஸ்மேட் என்று ஒன்று இருக்கிறது, 25, 50, 75 நிமிஷம் என்று நேரம் குறித்தால் உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் வீடியோவில் வருவார், இருவரும் இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், கடைசியில் எவ்வளவு முடிந்தது என்று சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று முறை இலவசம், ஆரம்பிக்க அது போதும். நம் கப்பன் பார்க்கில் 2023-லிருந்து சனிக்கிழமைகளில் முன்பின் தெரியாதவர்கள் புல்தரையில் உட்கார்ந்து பேசாமல் புத்தகம் படிக்கிறார்களே, அதுவும் இந்தச் சங்கதிதான். பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் நமக்கும் எழுந்து போகத் தோன்றாது.

பணத்தைப் பணயம் வைக்கும் ரகமும் உண்டு. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொடங்கிய ஸ்டிக்-கே என்ற இணையதளத்தில் ஒரு நடுவரை வைத்து, சொன்னதைச் செய்யாவிட்டால் உங்களுக்குப் பிடிக்காத அமைப்புக்கே பணம் போகும்படி ஒப்பந்தம் போடலாம். இதே யோசனையைப் பிலிப்பைன்ஸில் புகைபிடிப்பவர்களிடம் சோதித்தார்கள்: ஆறு மாதம் வங்கியில் பணம் போடு, சிறுநீர்ப் பரிசோதனையில் நிக்கோடின் தெரிந்தால் மொத்தமும் தர்மத்துக்குப் போய்விடும். 2010-ல் முடிவு வெளியானது. வாய்ப்புத் தரப்பட்டவர்களில் 11 சதவீதம் பேர்தான் துணிந்தார்கள், ஆனாலும் ஒரு வருஷம் கழித்து எடுத்த திடீர்ப் பரிசோதனையிலும் பலன் தெரிந்தது. வேலை செய்யும் முறைதான். உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன், ஏற்கனவே குற்ற உணர்ச்சியில் இருக்கிறீர்கள், பணமும் போனால் ஆப்பையே மறுபடி அழித்துவிடுவீர்கள். தள்ளிப்போடுவது சோம்பேறித்தனம் இல்லை, அந்த வேலையைத் தொட்டாலே வரும் சங்கடத்திலிருந்து ஓடுவது என்று ஃபுஷியா சிரோய், டிம் பிச்சில் ஆகிய உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவதும் அதுதான்.

அதனால் சொல்வதைச் சின்னதாகச் சொல்லுங்கள். "ரிப்போர்ட் எழுதுவேன்" வேண்டாம், "பத்துப் பேரின் பதிலை எக்செலில் ஏற்றுவேன்" என்று சொல்லுங்கள். உங்கள் பேட்ச்சில் இன்னும் முடிக்காத ஒருவராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அன்றைய பக்கத்தை போட்டோ எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் தவறினால் திட்டக்கூடாது, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவையுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீங்களே அம்மாவுக்குப் போன் போட்டு, "இந்த வாரம் ஏழு பக்கம்மா" என்று சொல்லுங்கள். ரெண்டு பக்கம் என்றாலும் சொல்லுங்கள்.

கேள்வி: அல்சூரிலிருந்து எழுதுகிறேன். மகள் இரண்டாம் பி.யூ.சி. (பிளஸ் டூ), படிப்பைத் தள்ளிக்கொண்டே போகிறாள். அவள் போனில் என்ன செய்கிறாள் என்று எனக்குக் காட்டும் ஆப் போடலாமா?
- ஒரு தாய்

பதில்: அவளுக்குத் தெரியாமல் போடாதீர்கள் அம்மா, அது வேவு. தெரிந்த அன்றைக்கு உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவாள். யாரிடம் கணக்குச் சொல்வது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும், அது தோழியாக இருந்தாலும் சரி. நீங்கள் ராத்திரி எட்டு மணிக்கு டிவியை அணைத்துவிட்டு, இரண்டு போனையும் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, அவள் மேஜைக்கு எதிரில் உங்கள் வேலையோடு உட்காருங்கள், தையலோ வீட்டுக் கணக்கோ எதுவானாலும். என்ன படிக்கிறாய் என்று நடுவில் கேட்காதீர்கள்.