கல்யாணமாகாத பெண்ணுக்கு, கீமோவுக்கு முன் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைப்பது அவசியமா?

உங்கள் வீட்டிலும் யாரோ "முதலில் உயிர் பிழைக்கட்டும், பிள்ளை குட்டி எல்லாம் அப்புறம்" என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். கீமோ ஏறுவதற்கு முன்பே இதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், ஏறிய பிறகு பலருக்கு அந்த 'அப்புறம்' வருவதில்லை.

எங்களுக்கு ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். 2023இல் தங்கைக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு 21 வயது. முதலில் காட்டிய மருத்துவமனையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சென்னையில் இன்னொரு டாக்டரிடம் காட்டியபோது அவர்தான், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து சினைப்பையில் இருக்கும் முட்டைகளை அழிக்கக்கூடியது என்றார். முட்டையை மட்டும் எடுத்துச் சேமிக்கலாம், ஆனால் அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட வேண்டும். அவளுக்கு அத்தனை நாள் அவகாசம் இல்லை.

திசுவுக்கு அந்த ஊசி வேண்டாம். லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு, சினைப்பையில் முதிராத முட்டைகள் இருக்கும் மேல்பகுதியை எடுத்து மெல்லிய பட்டைகளாக நறுக்கி உறைய வைக்கிறார்கள். குணமானதும் திரும்ப உள்ளே பொருத்தலாம். 2004இல் பெல்ஜியத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்தது, அந்தத் தாயின் திசுவை எடுத்தது 1997இல்.

அம்மா மீன் வியாபாரம் பார்ப்பவர். "ரெண்டு நாள் ஐஸ்ல கிடந்த மீனே குழைஞ்சு போகுது, இது வருஷக்கணக்குல தாங்குமா சார்?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஊசி ஊசியாகக் கோடு கிழித்தார். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸானால் இப்படித்தான் குத்திக் கிழிக்கும், அதனால் முதலில் காப்புத் திரவத்தில் ஊற வைத்து, மெதுவாகக் குளிர்வித்து, அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்போம் என்றார். அம்மா அந்தச் சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

பெரியப்பாதான், கல்யாணமாகாத பிள்ளை வயிற்றில் கத்தி வைப்பதா என்று சண்டைக்கு வந்தார். காசுள்ளவர்கள் வேலை இது என்று இங்கேயும் யாராவது எழுதுவீர்கள். அப்பா நாட்டுப்படகில் போகிறவர். காப்பீட்டு அட்டையில் இந்தச் செலவு வரவில்லை, அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. வருஷா வருஷம் சேமிப்புக் கட்டணமும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை பாம்பன் பாலத்தில் ரயில் கிடையாது. காய்ச்சலில் துவண்ட தங்கையை, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் வரைக்கும் பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிப் போனேன். தீவுக்காரர்கள் நோயோடு எப்படிப் போய் வருவோம் என்று யார் கேட்டார்கள்?

நான் டாக்டர் இல்லை. குழந்தை நிச்சயம் என்றும் சொல்லவில்லை. லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் என்றால் திசுவிலேயே நோய்ச் செல்கள் ஒளிந்திருக்கலாம், அதைத் தனியாகக் கேளுங்கள். வயதுக்கு வராத சிறுமி என்றால் முட்டை சேமிப்புக்கே வழியில்லை, திசு மட்டும்தான்.

என்ன வகை நோய், முதல் கீமோ என்றைக்கு என்று எழுதுங்கள். நாங்கள் டாக்டரிடம் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.