வேலை நாள் கணக்கும் விடுமுறைப் பட்டியலும்

கேள்வி: அரசு அலுவலகங்களுக்கு எழுதுபொருள் வழங்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. பில் கொடுத்த மறுநாளிலிருந்து ஏழு வேலை நாட்கள் என்பது போன்ற கெடுக்களை எக்ஸெலில் கணக்கிடுகிறோம். ‘ஒர்க்டே’ (இத்தனை வேலை நாட்கள் கழித்து வரும் தேதியைச் சொல்லும் சூத்திரம்) தரும் தேதியை ‘நெட்ஒர்க்டேஸ்’ (இரு தேதிகளுக்கு இடையிலான வேலை நாட்களை எண்ணும் சூத்திரம்) கொண்டு சரிபார்த்தால் ஒரு நாள் கூடுதலாக வருகிறது. தவிர, ஆண்டுதோறும் பட்டியலைத் தட்டச்சு செய்யாமல் விடுமுறைகளையும் சூத்திரமாகவே எழுதிவிட முடியாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: நெட்ஒர்க்டேஸ் தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்தே எண்ணும், ஒர்க்டே தொடக்க நாளை விட்டுவிட்டு எண்ணும். மறுநாளிலிருந்து எண்ண வேண்டிய உங்களுக்கு ஒர்க்டேதான் பொருந்தும்.

இரண்டாவது கேள்விதான் கனமானது. குடியரசு தினம், மே தினம் போன்றவை தேதி மாறாதவை. வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் 1 முதல் விடுமுறையாகிவிட்ட இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளையும் சூத்திரத்தில் அடக்கலாம்: சனிக்கிழமையின் தேதி 8 முதல் 14 வரையிலோ 22 முதல் 28 வரையிலோ இருந்தால் விடுமுறை, இல்லையேல் வேலை நாள். ஆனால் ரம்ஜான் பிறை தெரிவதைப் பொறுத்தது. தேர்தல் வாக்குப்பதிவு நாளுக்கான விடுமுறை தேர்தல் அறிவிப்புக்குப் பின்னரே தெரியவரும். பஞ்சாங்கத்தில் உள்ள பண்டிகை நாள் விடுமுறை ஆகிவிடாது, அரசாணையில் உள்ள நாளே விடுமுறை என்பதால், சூத்திரம் எழுதும் முயற்சியைக் கைவிடும்படியே சொல்வேன்.

2024 தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 31, வியாழக்கிழமை பண்டிகை. மறுநாள் வெள்ளிக்கிழமையையும் விடுமுறையாக அறிவித்த தமிழக அரசு, அதற்கு ஈடாக நவம்பர் 9, சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. அக்டோபர் 30-இல் கொடுத்த பில்லுக்கு ஏழாவது வேலை நாள் நவம்பர் 11. கூடுதல் விடுமுறையை மட்டும் சேர்த்துக்கொண்டு ஈடுசெய்யும் சனிக்கிழமையை மறந்த கணக்கு நவம்பர் 12 என்று சொல்லும். இரண்டையுமே அறியாத பழைய பட்டியலோ தற்செயலாக 11 என்ற சரியான விடையையே தரும். அதை நம்பி ஐந்து வேலை நாள் கெடுவைக் கணக்கிட்டால், நவம்பர் 8-க்குப் பதிலாக 7 என்று தவறும். ஆகவே ஒரே ஒரு கெடுவை வைத்துச் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள்.

எக்ஸெலின் இந்தச் சூத்திரங்களில் விடுமுறைகளைச் சேர்க்க இடம் உண்டு, வார விடுமுறையொன்றை வேலை நாளாக்க இடம் இல்லை. எனவே ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி வைத்து, அது வேலை நாளா, இல்லையெனில் எந்த ஆணையால், அந்த ஆணை எப்போது வந்தது என்று பதியும் அட்டவணையே நம்பகமானது. அரசு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் தனித்தனிப் பத்திகள் வேண்டும். ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு விடுமுறை, அலுவலகங்களுக்கு அப்படியல்ல. பணம் வந்து சேரும் நாளை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாட்களிலும் இயங்குகின்றன.

கெடு நாளே விடுமுறையாக அமைந்தால் எந்தப் பக்கம் நகர்வது என்பதை நிரலாளர் தீர்மானிக்கக் கூடாது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, குறித்த நாளில் பணம் தர வேண்டிய உறுதிச்சீட்டு அல்லது மாற்றுச்சீட்டின் முதிர்வு நாள் பொது விடுமுறையானால் முந்தைய வேலை நாளிலேயே அது முதிர்ந்ததாகக் கொள்ளப்படும். மத்தியச் சட்டங்கள் குறிக்கும் கெடுவின் கடைசி நாளில் அலுவலகம் மூடியிருந்தாலோ, 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 10-ஆவது பிரிவு அடுத்துத் திறக்கும் நாள்வரை இடம் தருகிறது. உங்கள் ஒப்பந்தம் எதைச் சொல்கிறது என்று பார்த்து, அதை ஒவ்வொரு கெடுவோடும் சேர்த்துப் பதியுங்கள். கணக்கிட்ட தேதியையும் சேமித்து வையுங்கள்; பட்டியல் பின்னர் திருத்தப்படும்போது, முடிந்துபோன பில்களின் கெடுக்கள் தாமாக மாறிவிடக் கூடாது.