பேரிடர் தாக்கிய ஊரில் இருக்கும் விஞ்ஞானி நண்பரை உடனே விசாரிக்கலாமா, தொந்தரவாகிவிடுமா?

கட்டாயம் விசாரியுங்கள். ஆனால் போன் செய்யாதீர்கள், ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் 9.0 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது குரல் அழைப்புகளை அங்குள்ள நிறுவனங்கள் கடுமையாகக் கட்டுப்படுத்தின. மின்னஞ்சல்கள் ஓரளவு போய்ச் சேர்ந்தன. ஜப்பானின் செண்டாய் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த என் தோழி, எங்களில் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதினார். அந்த ஒருவர் எங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ஆளாளுக்குக் கேட்டு தோழியின் போன் பேட்டரியைத் தீர்க்கவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் குமரி மாவட்டத்தை அடித்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, நாகர்கோவிலில் பல நாள் மின்சாரம் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்த மீன் திசு மாதிரிகள் பல வருட உழைப்பு. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத நேரத்தில் அதை நினைத்து வருந்தவே கூசியது. அதே தோழிதான் எழுதினார்: "நலமா? பதிலுக்கு அவசரமில்லை. டீப் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். திருவனந்தபுரத்தில் இடமும் டிரை ஐஸும் கேட்டிருக்கிறேன்." துறை தெரிந்த நண்பரால் மட்டுமே செய்ய முடிந்த உதவி அது. 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கான ஆய்வு எலிகள் இறந்தன. அப்படி இழப்பவருக்கு, "உயிர் பிழைத்தீர்களே, போதாதா" என்ற ஆறுதல் போதாது.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: "விஞ்ஞானிகளுக்கு முன்கூட்டியே தெரியாதா?" எங்கள் மாவட்டக் கடற்கரை ஊர்களான தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதியின் ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. ஒக்கி உருவாகும் முன்பே அவற்றில் பல வெகுதூரம் போய்விட்டன. கரையிலிருந்து வயர்லெஸில் எச்சரித்தாலும் அவ்வளவு தூரம் எட்டாது. சொந்த ஊரில் ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பவரிடம் அந்த நேரத்தில் விளக்கம் கேட்பது கொடுமை.

முதல் வாரத்தோடும் நிறுத்திவிடாதீர்கள். டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்கும் கடற்கரை ஊர்கள் துக்கத்தில் இருந்தபோது, ஒரு நண்பர் என்னிடம், "உங்கள் வகுப்பில் யார் யார் வரவில்லை?" என்று கேட்டார். அப்பாவை இழந்த பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தை நாங்கள் பங்கிட்டுக் கட்டத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.