பிள்ளை பெற்ற உடம்புக்குத் தண்ணீர் ஆகாதா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். பிள்ளை பெற்ற பச்சையுடம்பு தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று மாமி தடுப்பதாகவும், குடும்பநல உத்தியோகத்தரோ நிறையக் குடிக்கச் சொல்வதாகவும், யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

தண்ணீர் விடயத்தில் உத்தியோகத்தர் சொல்வதையே கேளுங்கள். தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 வீதம் நீர்தான். தாகத்தை அடக்கினால் சோர்வும் மலச்சிக்கலும் உங்களைத்தான் வருத்தும். வயிறு பெரிதாகத் தெரிவதற்குத் தண்ணீர் காரணமன்று. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ 6 வாரங்கள் எடுக்கும். தளர்ந்த தசைகள் இறுக அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும்.

ஆயினும் மாமியை விவரமறியாதவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரசவத்தில் இரத்தத்தோடு சூடும் வெளியேறி உடம்பு குளிர்ந்துவிடுகிறது என்ற எண்ணம் நம்மூருக்கு மட்டும் உரியதன்று. சீனத் தாய்மார் ஒரு மாதம் குளிர்நீரைத் தவிர்ப்பதும், மெக்சிக்கோவில் 40 நாள் ஓய்வின்போது குளிர்ச்சியான உணவுகளை விலக்குவதும் இதே எண்ணத்திலிருந்து வந்தவையே. இலங்கையின் கிழக்கில் இன்றும் வழங்கும், கிரேக்க-அரபு மரபில் வந்த யூனானி வைத்தியமும் உடம்பைச் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்றே கணிக்கிறது. இந்தப் பார்வையின் பயனாகத்தான் பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வும், பிறர் சமைத்துத் தரும் உணவும் உரிமையாகக் கிடைக்கின்றன. அதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆகவே மாமியிடம் வாதாடாமல், கொதித்தாறிய நீரையும் கொத்தமல்லி அவித்த நீரையும் இளஞ்சூடாகக் கேளுங்கள். சூடாக இருப்பதால் அவர் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன். மிளகு, சீரகம், மஞ்சள் போன்றவற்றை அரைத்துப் பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் சரக்குக் கறியையும் விரும்பியபடி உண்ணுங்கள். காய்ச்சலோ, மிகுந்த இரத்தப்போக்கோ, கடுந்தலைவலியோ வந்தால் மட்டும் பத்தியத்தை நம்பிக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.