வாசகர் சட்டப் பகுதி: ஐ.பி. மனுவுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பாரா?

கேள்வி: வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறேன். கடைக்காக வங்கியிலும், கணவரின் மருத்துவச் செலவுக்காகத் தனியாரிடமும் வாங்கிய கடன் வட்டியோடு 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒருவர் புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டு டிக்ரியும் வாங்கிவிட்டார். ‘மஞ்சள் நோட்டீஸ்’ (கடனைத் தீர்க்க வழியில்லாத நொடித்தவர் என்று அறிவிக்கக் கோரும் ஐ.பி. மனு) கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்றும், இல்லாவிட்டால் சிறைதான் என்றும் சொல்லும் ஒரு இடைத்தரகர் அதற்கு 40,000 ரூபாய் கேட்கிறார். அதையும் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். வேறு வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த 40,000 ரூபாயைக் கடன் வாங்காதீர்கள். சிறை என்ற மிரட்டலையும் நம்ப வேண்டாம். பணம் கட்டச் சொல்லும் டிக்ரிக்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவின்படி, பெண்கள் வருமான வரம்பு ஏதுமின்றி அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறலாம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் இவ்வாறே. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, மாவட்டத் தலைநகரில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ மனு கொடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்லாமல் நீதிமன்றக் கட்டணம், அறிவிப்பு அனுப்பும் செலவு, நகல் செலவு ஆகியவையும் இந்த உதவியில் அடங்கும். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். இலவசம் என்றால் ஏனோதானோ என்றுதான் நடக்கும் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. சில நேரம் அப்படி நடப்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும், நீதிமன்றத்தில் நிற்கவே உரிமையில்லாத தரகரை விட, பொறுப்புக் கேட்க ஓர் அலுவலகம் இருக்கும் வழக்கறிஞர் மேல்.

மனு எந்தச் சட்டத்தின் கீழ் என்பதில் குழப்பம் வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம் என்கிறது அது. நூறு ஆண்டுக்கு முந்தைய தொகை அப்படியே நிற்கிறது!

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில், கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, வாங்கிய தொகை, கட்டிய தொகை, மீதி ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். உறவினரிடம் வாங்கிய கைமாற்றையும் சீட்டுப் பாக்கியையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் மனுவில் எல்லாக் கடனும் எல்லாச் சொத்தும் வர வேண்டும். நகையையோ நிலத்தையோ தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு மனு போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள், உரிய விலை பெறாமல் செய்த மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்க முடியும்.

நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டதும் சொத்து நீதிமன்றத்தின் வசம் போகும் என்றாலும், ஜப்தி செய்யக் கூடாதவை அதில் சேரா. சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் ஆகியவை அந்த வகை. உங்கள் தையல் இயந்திரத்தைத் தொழிற்கருவி என்று மனுவிலேயே குறிப்பிடும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஆனால் வங்கியிடம் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால், அந்த அடமானத்தின் பேரில் வங்கி எடுக்கும் நடவடிக்கையை இந்த மனு தடுக்காது.

ஐ.பி. மனுதான் தேவையா என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். தனியார் கடனில் மீட்டர் வட்டியோ கந்து வட்டியோ இருந்தால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது குற்றம், கணக்கே மாறிவிடலாம். வங்கிக் கடனை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசித் தீர்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தவணையை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்பதால், கட்ட முடிந்த தொகைக்கு மட்டுமே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: நான் ஆண், தனியார் அலுவலக ஊழியன், என் வருமானம் இலவச உதவிக்கான வரம்பைத் தாண்டுகிறது. வழக்கறிஞர் கட்டணத்தைக் குறைக்க முடியுமா?
– கோவை வாசகர்

பதில்: லோக் அதாலத்துக்கு வருமான வரம்பு இல்லை, அதை முதலில் முயலலாம். மனுதான் முடிவு என்றால், மனு தயாரிப்பு, விசாரணை, கடன்களிலிருந்து விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து மொத்தக் கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொண்டு, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்பு கேட்கவில்லையென்றால் நொடித்தவர் என்ற அறிவிப்பே ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் மீண்டும் வாசலுக்கு வருவார்கள். விடுவிப்பு கிடைத்த பிறகும் அரசுக்கு உள்ள பாக்கியும் மோசடியால் ஏற்பட்ட கடனும் தீராது.